நான் பிய்த்துக் கொடுத்த புகையிலை

1. முதல் நாள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு என் கையில் விளக்குமாறு கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். டார்ச் லைட் கொடுத்தார்கள்.

திருப்பனந்தாளிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையில் இருந்த இரண்டு அறை ஓட்டுக் கட்டடம் அது. கரண்ட் வரும், போகும். டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். முதலில் வந்தவர் ஒரு மாட்டுவண்டிக்காரர். தொண்டைப் புண் என்று சொன்னார்.

"தையலம்மா, அவரு வாய்க்குள்ள லைட் அடிங்க" என்றார் டாக்டரம்மா.

என் பெயர் தையல்நாயகி. அதுவரை அந்நிய ஆண் முகத்தை நிமிர்ந்து பார்த்தவள் இல்லை நான். அவர் வாயை எப்படிப் பார்ப்பது? தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு விளக்கை மட்டும் நீட்டினேன்.

"நீங்க காலண்டர்ல அடிக்கிறீங்க. காலண்டருக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. இவரப் பாருங்க."

வண்டிக்காரரே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். வாய்க்குள் அவ்வளவு இடம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலையை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது. இப்போது கிராமத்துச் சுகாதார வேலைக்கு வருகிற பெண்கள் சிலர், "ஒங்க காலத்துல என்னா செஞ்சீங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். எனக்கு எழுத வருவது என் கைக்கு வந்த விஷயம்தான். அதில் பெரியது அமிர்தம் அக்காவின் வாய்ப் புண். அது என்னால் வந்ததா என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாள் இருந்தது. அதனால் அதையே எழுதுகிறேன்.

2. வரப்பில் உட்கார்ந்த நாள்

ஆயா வேலைக்கு முன்னால் நான் நடவாள். எங்கள் தெருவில் இருபத்தைந்து முப்பது பெண்கள் ஒரே கூட்டமாக நடவுக்குப் போவோம். அதற்குத் தலைமை ஆள் அமிர்தம் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவர், அடுத்த வீடு. எந்த வயல், எத்தனை ஆள், எப்போது கரையேறுவது என்று எல்லாம் அவர் சொல்வதுதான். பழையதுக்கு நாங்கள் வெங்காயம் கடிப்போம். அவர் பச்சைமிளகாய் கடிப்பார், ஒரு வாய்க்கு ஒன்று. கண்ணில் சொட்டுத் தண்ணீர் வராது.

நாங்கள் நட்ட நிலத்தின் மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய காரியக்காரர். வெயில் ஏறுகிற நேரத்தில் காரியக்காரர் வரப்புக்கு வந்து ஆளுக்கு இரண்டு வெற்றிலை, ஒரு துண்டுப் பாக்கு, விரல் நீளப் புகையிலை கொடுப்பார். கூலியோடு சேர்ந்த பழக்கம் அது. வேதாரண்யம் பக்கத்துப் புகையிலை, காட்டமாக இருக்கும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் பசி தெரியாது. நாள் முழுக்கக் குனிந்த இடுப்பு வலியும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும். கை முழுக்கச் சேறு. சேற்றுக் கையோடு சோறு தின்ன முடியாது, புகையிலை ஒதுக்கலாம். சாயங்காலம் வரை அது கன்னத்திலேயே கிடக்கும். சிலர் வாயில் வைத்துக்கொண்டே தூங்குவார்கள்.

அது கூலிக்காகக் கொடி பிடித்த காலம். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. தெருவுக்குத் தெரு கொடிமரம். அரசாங்கமே இவ்வளவு கூலி என்று சட்டம் போட்டிருந்தாலும், அது எங்கள் வயல்வரை வர எத்தனையோ பேர் நடையாய் நடக்க வேண்டியிருந்தது. ஒரு குறுவை நடவில் காரியக்காரர் வெறுங்கையோடு வந்தார்.

"இந்தாங்க பொம்பளைங்களா, கேட்ட கூலிய ஏத்தியாச்சு. இனிமே வெத்தல, போயில கெடையாது."

அமிர்தம் அக்கா நிமிர்ந்தார். கையில் இருந்த நாற்று முடியைச் சேற்றில் வைத்தார். "கூலி கவுருமெண்டு சொன்னது. போயில எங்க பாட்டன் காலத்துலேந்து வாங்குறது. ரெண்டும் வேற. எல்லாரும் ஏறுங்கடி கரைக்கு."

முப்பது பேரும் வரப்பில் உட்கார்ந்தோம். பறித்துப் போட்ட நாற்று வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. காரியக்காரர் கத்தினார், கெஞ்சினார், மறுபடியும் கத்தினார். உச்சிப்பொழுதுக்கு முன்னால் சைக்கிளில் புகையிலைக் கட்டு வந்து சேர்ந்தது. அன்றைக்கு நாங்கள் நட்ட வேகத்தைப் போல் அதற்குப் பிறகு நட்டதே இல்லை.

அந்தக் கட்டை அமிர்தம் அக்கா என் மடியில் போட்டார். "நீ பிச்சுக் குடு தையலு. நீதான் பேசாம ஒழுங்கா பிப்ப. இவளுங்க கையில குடுத்தா சண்டதான் வரும்."

அன்று முதல் சுகாதார நிலையத்துக்குப் போகிறவரைக்கும் நான்தான் பிய்த்துக் கொடுத்தேன். ஒரு நூல் கூடாமல் குறையாமல் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

3. மூன்று விரல்

ஐந்தாவது படித்த, அந்த வட்டாரத்துப் பெண் வேண்டும் என்று தேடியபோது எங்கள் தெருவில் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்படி வந்தது ஆயா வேலை. ஊசி வேகவைப்பது, தரை துடைப்பது, சீட்டில் பெயர் எழுதுவது, டார்ச் பிடிப்பது. புகையிலை மட்டும் கன்னத்தில் இருந்தபடியே இருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது குழம்பு பட்டு உஸ்ஸென்று வாயை ஊதினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"காரம் எரியுதா? எத்தன நாளா?"

"அது கொஞ்ச நாளாங்க."

"உக்காருங்க. இன்னிக்கு நான் லைட் பிடிக்கிறேன்."

வலது கன்னத்தின் உள்ளே, புகையிலை வைக்கிற இடத்தில், வெள்ளையாகப் படலம் இருந்தது. துணியால் துடைத்தால் போகவில்லை. மூன்று விரலை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். எனக்கு நுழைந்தது. "நல்லவேளை. பாக்கு ரொம்பப் போட்டா உள்தோல் இறுகிடும். சிலருக்கு ஒரு விரல்கூடப் போகாது" என்றார்.

பிறகு சொன்னார். புகையிலைதான் கெடுதல், வெறும் வெற்றிலை பாக்குக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறோம். பாக்கும் கெடுதல்தானாம். புகையிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தைத் தினமும் அரிக்கிறது. அந்த இடத்துத் தோல் செத்துச் செத்துப் புதிதாக வளர்கிறது. அப்படி வளரும்போது ஒருநாள் அளவு தெரியாமல் வளர ஆரம்பித்தால் அதுதான் கேன்சர். பீடி, சுருட்டு பிடிக்கிறவர்களுக்கு நுரையீரலிலும் தொண்டையிலும் வரும். கூடவே சாராயமும் குடித்தால் இன்னும் மோசம்.

"டாக்டரம்மா, எனக்கு அதுதானா?"

"இல்ல. அதுக்கு முன்னாடி நிக்கிற இடம் இது. இப்பவே விட்டீங்கன்னா மறையலாம். எல்லாருக்கும் மறையும்னு சொல்ல மாட்டேன். மாசத்துக்கு ஒருதடவ நான் பாக்கணும்."

விட்டேன். சுலபமில்லை. ஒரு வாரம் தலைவலி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். வறுத்த கொத்தமல்லி விதையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, நினைப்பு வரும்போதெல்லாம் நாலு விதை மென்றேன். இரண்டாவது மாதத்தில் குழம்பின் ருசி தெரிந்தது. மூன்றாவது மாதம் டாக்டரம்மா, "பாதியா கொறைஞ்சிருக்கு" என்றார்.

அன்றைக்கே அவர் கேட்டார், "ஒங்க நடவு ஆளுங்க எல்லாரும் போடுவாங்கல்ல? ஒருநாள் கூட்டிட்டு வாங்க."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் முப்பது பேர் முன்னால் நின்று பேச எனக்கு வாய் வராது. அதிலும் அமிர்தம் அக்கா பழையதுக்கு மிளகாய் கடிப்பதை விட்டிருந்தார். கஞ்சியை ஒரு பக்கமாகவே குடித்தார். நான் கவனித்தேன். எப்படிக் கேட்பது என்று நாலைந்து நாள் தள்ளினேன்.

4. நான் செய்த தவறு

அந்தச் சமயத்தில் காரியக்காரர் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். டாக்டரம்மா அவரைச் சுருட்டை விடச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நான் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தோன்றியது இதுதான். முப்பது பேரிடம் பேசுவதைவிடப் புகையிலை வருகிற இடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டால் முடிந்தது. கொடுக்கிறவர் கொடுக்காவிட்டால் போடுகிறவர்கள் எப்படிப் போடுவார்கள்?

"ஐயா" என்றேன்.

"என்னா தையலு, வாயத் தொறக்குற. மழ வரப்போவுது."

"பொம்பளைங்களுக்குப் போயில குடுக்காதீங்கய்யா. வாயில புத்து வருமுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்டியா சொன்னாங்க? நல்ல சேதிதான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

மறுநாள் வரப்பில் நின்று அவர் சொன்னாராம்: "கவுருமெண்டு ஆஸ்பத்திரியே போயில கூடாதுன்னுட்டுது. ஒங்க தையலுதான் வந்து எங்கிட்ட சொன்னா. இனிமே கெடையாது."

அன்று சாயங்காலம் நான் தெருவுக்குள் நுழைந்தபோது ஒருத்தியும் என்னிடம் பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் என் குடத்தை யாரோ வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். அமிர்தம் அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி தையலு, காரியக்காரரு ஒனக்கு எத்தன மரக்கா நெல்லு அளந்தாரு?"

"அக்கா, நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுன்னா எங்கிட்ட வந்து சொல்லத் தெரியாது? நான் அடுத்த வூட்லதான இருக்கேன். அங்க போயி எதுக்குச் சொன்ன? நாம வெயில்ல குந்தி வாங்குனத நீ ஒரு வார்த்தையில திருப்பிக் குடுத்துட்ட."

"ஒங்க வாயில புண்ணு இருக்கா அக்கா?"

"இருந்தா இருக்கட்டும். போயில வெச்சு அழுத்துனா வலி தெரியறதில்ல. அதுதான் எனக்கு மருந்து. மிராசு ஆளுக்கிட்ட வாயக் காட்டறதுக்கு நான் மாடா?"

கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும், அவருக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள. வலிக்கிற புண்மேல் புகையிலையை வைத்து அழுத்துகிறார். புகையிலை மரத்துப்போக வைக்கும், அதனால் வலி தெரியாது. எந்த நெருப்பு சுட்டதோ அதையே ஒத்தடமாக வைத்துக்கொள்கிற மாதிரி. எங்கள் தெருவில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் என்றால் காட்டியே ஆகவேண்டும். அவருக்கு இரண்டு மாதமாவது ஆகியிருக்கும்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நான்கூட அவருகிட்டதான் சொல்லியிருப்பேன். எனக்கும் ஒங்க ஊரு தெரியாது. இப்ப என்ன பண்றது? அவங்க வரலன்னா நாள் போகப் போக நம்ம கையில இல்ல" என்றார்.

5. மறுபடியும் அதே வரப்பு

மூன்றாவது நாள் நடவு நின்றது. பெண்கள் புகையிலை கேட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கம்பவுண்டர் வந்து சொன்னார். நான் டார்ச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். டாக்டரம்மா, "நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் வந்தால் அது ஆஸ்பத்திரி சொன்னதாக ஆகும். நான்தான் போக வேண்டும்.

வாய்க்கால் மதகிலிருந்து அந்த வரப்பு கூப்பிடு தூரம்தான். அன்றைக்கு நடக்க நடக்கத் தீரவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும், "வாங்க காரியக்காரம்மா" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். தள்ளி, காரியக்காரர் பூவரசு நிழலில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு நின்றார்.

நான் வரும்போது பேச வேண்டியதை மனதுக்குள் நூறுதடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே நின்றதும் ஒரு வார்த்தையும் இல்லை. அமிர்தம் அக்கா முன்னால் வரப்பிலேயே உட்கார்ந்தேன். டார்ச்சை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"எதுக்குடி இது?"

"ஒங்க வாயக் காட்ட வேணாம். என் வாயப் பாருங்க."

வாயை ஆவென்று திறந்து வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அத்தனை பேர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டிருக்க எனக்கு உயிரே போனது. பிறகு டார்ச் கிளிக் என்றது.

"வலது பக்கம்" என்றேன், சொல் குழறியது.

"வெள்ளையா இருக்கு."

"அதுதான் நான் போயில வெச்ச எடம். மூணு மாசத்துக்கு முன்ன இதப்போல ரெண்டு பங்கு இருந்துச்சு. விட்டதுக்கப்புறம் கொறையுது. எனக்கு வந்தத ஒங்ககிட்ட சொல்லாம அவருகிட்ட போயிச் சொன்னேன் பாருங்க, அது தப்பு. நான் பேச பயந்துகிட்டுப் பண்ணுனது. நெல்லு வாங்கல."

நானே தொடர்ந்தேன். அவ்வளவு நீளமாக நான் பேசியது அன்றைக்குத்தான். "நாத்தங்கால்ல கோர மொளைக்கிது. மொதல்ல நாத்து மாதிரியே இருக்கும். அப்பவே புடுங்குனா வேரோட வரும். உட்டுட்டா அடியில ஓடி வயலு பூராப் புடிக்கும். வாயில வர்றதும் அப்டித்தான். ஒங்களுக்கு வந்ததுக்கு நானும் பொறுப்பு. நான்தான பிச்சுப் பிச்சுக் குடுத்தேன்."

அமிர்தம் அக்கா டார்ச்சை அணைத்தார். ரொம்ப மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்கு வெள்ளையா இல்லடி. செவப்பா இருக்கு. நடுவுல குழி" என்றார்.

"இன்னிக்கே வாங்க அக்கா."

"வர்றேன். ஆனா இத முடிச்சுட்டுத்தான் வருவேன்." எழுந்து புடவையை உதறிக்கொண்டு காரியக்காரரிடம் போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

"காரியக்காரரே, எங்களுக்குப் போயில வேணாம்."

"பாத்தியா, இப்பதான் புத்தி வந்துச்சு."

"போயில வேணாம். அந்த நேரத்துக்கு ஆளுக்கு ஒரு டீத்தண்ணி, ஒரு கை வறுத்த கடல, ஒரு துண்டு மண்டவெல்லம் வரணும். கை கழுவி உக்காந்து திங்க நேரமும் வேணும்."

"என்னா கூத்தா இருக்கு. போயிலையவிட இதுக்கு ஜாஸ்தி ஆவும்."

"அப்ப போயிலையே குடுங்க. எல்லாரும் வாயி அழுகிப் போயிச் சேர்றோம். அடுத்த சம்பாவுக்கு நீங்களும் மொதலாளியும் எறங்கி நடுங்க. வரிச பாக்குற கயிறு நான் வேணா புடிக்கிறேன்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் வாய்க்காலில் நின்ற கொக்கு பறந்தது. காரியக்காரரும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். வாடுகிற நாற்றைப் பார்த்தார். "எளவு, எடுத்துக்குங்க" என்றார்.

6. தஞ்சாவூர்

அன்று மத்தியானமே அமிர்தம் அக்கா சேற்றுக் காலோடு வந்து டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார். டார்ச் நான்தான் பிடித்தேன். டாக்டரம்மா கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

கும்பகோணம் போய் பஸ் மாறிப் போனோம். புண்ணில் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று தெருவில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அமிர்தம் அக்கா அங்கிருந்த டாக்டரிடமே கேட்டுவிட்டார். "கத்தி பட்டா பரவாதும்மா. பாக்காம உட்டாதான் பரவும்" என்றார் அவர். அக்கா இன்னொன்றும் கேட்டார்: "எம் புள்ளைங்க என் லோட்டாவுல குடிக்குதுவோ. ஒட்டிக்குமா?" ஒட்டாது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

கேன்சர்தான். ஆனால் பரவவில்லை. ஆபரேஷன் செய்தார்கள், பிறகு சில வாரம் கரண்டு வைத்தார்கள், கதிர் வைத்தியத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த நாளெல்லாம் வாய் வெந்து, கஞ்சியும் நீர் மோரும்தான். நடவாள்கள் முறை போட்டுக்கொண்டு துணைக்கு வந்தார்கள். என்னை "காரியக்காரம்மா" என்று கேலி செய்தவள்தான் எல்லோரையும்விட அதிக நாள் இருந்தாள்.

திரும்பி வந்தபோது அவர் வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. "முன்ன ரெண்டு பக்கமும் திட்டுவேன். இப்ப ஒரு பக்கம்தான் திட்ட முடியுது, பொழச்சுப் போங்க" என்பார்.

7. வெட்கம் உதவிய இடம்

அதற்குப் பிறகு தெருவில் எல்லோரும் வந்து வாயைக் காட்டினார்கள். நான்கு பேருக்கு வெள்ளைப் படலம். புகையிலையை விட்டதும் இரண்டு பேருக்கு மறைந்தது. மற்ற இரண்டு பேரைத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம், அங்கே படலத்தை வெட்டி எடுத்தார்கள். இரண்டு பாட்டிகள் கடைசிவரை புகையிலையை விடவில்லை. அவர்களிடம் சண்டை போடவில்லை. மாதம் ஒருமுறை பார்க்க மட்டும் விட்டார்கள், அதுவே பெரிது.

பிந்திய வருஷங்களில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை வந்தது. புளித்த காடி மாதிரி ஒரு மருந்தைத் தடவிப் பார்ப்பார்கள். மாறுதல் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். அது ஒரு கிருமியால் வருகிறது, பல வருஷம் மெதுவாக வளர்கிறது என்றார்கள். இப்போது சின்னப் பெண்களுக்கு அதைத் தடுக்க ஊசியே வந்துவிட்டது. எங்கள் காலத்தில் அது இல்லை. தீட்டு நின்ற பிறகும் ரத்தம் படுகிறது, நாற்றமாக வெள்ளை படுகிறது என்பதையெல்லாம் பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். என்னிடம் சொன்னார்கள். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன், திரும்பக் கேட்க மாட்டேன், ஊசி வேகவைத்துக்கொண்டே கேட்பேன். அதனால் சொன்னார்கள். வெட்கப்படுகிறவள் இந்த வேலைக்கு ஆகமாட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வியாதி வந்தவரிடம், "என்ன பண்ணினாய்?" என்று கேட்காதீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் வெற்றிலைகூடத் தொட்டதில்லை, அவருக்கு மார்பில் வந்தது. குளிக்கும்போது கட்டி தட்டுப்பட்டு உடனே வந்ததால் பிழைத்தார். புகையிலை, பாக்கு, பீடி, சாராயம் இல்லாமல் இருந்தால் வருவது ரொம்பக் குறையும். வரவே வராது என்று யாரும் சீட்டு எழுதிக் கொடுக்க முடியாது. அதனால்தான் பார்க்கச் சொல்கிறோம்.

8. கற்றுக்கொண்டது

யாருடைய உடம்போ அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். அவருக்குக் கூலி கொடுக்கிறவரிடமோ, புருஷனிடமோ, மாமியாரிடமோ சொன்னால் நல்ல சேதியும் அதிகாரமாக மாறிவிடும். இன்னொன்று, ஒருவர் கையிலிருந்து ஒன்றை எடுக்கும்போது அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். புகையிலை பசிக்காக வந்தது. பசியை அப்படியே விட்டுவிட்டுப் புகையிலையை மட்டும் எடுக்கப் பார்த்தேன். அமிர்தம் அக்கா ஒரு நிமிஷத்தில் அதைச் சரிசெய்தார். ஐந்தாவது படித்த எனக்குத் தோன்றாதது, பள்ளிக்கூடமே போகாத அவருக்குத் தோன்றியது.

அவர் மறுபடி வயலுக்கு வந்தது அடுத்த வருஷத்துக் குறுவைக்கு. நடவு நட வேண்டாம், வரப்பில் நின்றால் போதும் என்று கூட்டமே சொல்லிவிட்டது. அன்றைக்கு ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். டீ வந்தது. கடலை வந்தது. மண்டவெல்லத்தை அவர் என் மடியில் போட்டார்.

"நீயே பிச்சுக் குடு."

உடைத்தேன். ஒருத்திக்கும் கூடாமல் குறையாமல் வந்தது. அவருக்குக் கடலையைக் கல்லில் இடித்துக் கொடுத்தேன். தின்று முடித்ததும் அமிர்தம் அக்கா, பக்கத்திலிருந்தவளின் தூக்குவாளியில் கிடந்த ஒரு பச்சைமிளகாயை எடுத்தார். நுனியை, நெல் அளவுதான், கடித்தார்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். ஒருநாளும் கண்ணில் தண்ணீர் வராதவருக்கு அன்று பொலபொலவென்று வந்தது. வாயை ஊதினார், டீயைக் குடித்தார், மறுபடி ஊதினார்.

"என்னாக்கா, எரியுதா?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"எரியுதுடி" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இழுத்த வாயோடு சிரித்தார். "வெறும் மொளகா எரிச்சல்தான்."